கேவன் மண்ணின் பாடி ஸ்மித்

நேயர்களுக்கு வணக்கம். வட அயர்லாந்து எல்லையை ஒட்டிய கேவன் மாவட்டம் கனத்த களிமண் பூமி; குன்றுகளுக்கும் ஏரிகளுக்கும் நடுவே சின்னச் சின்னப் பண்ணைகள். அங்கே பெய்லிபரோ ஊருக்கு அருகே 1901இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பாடி ஸ்மித். பிரிட்டனுக்கு எதிரான அயர்லாந்து விடுதலைப் போரில் பிடிபட்டு மரண தண்டனை பெற்ற அவரை, 1921 ஜூலையில் வந்த போர்நிறுத்தம் காப்பாற்றியது. 1923இல் கேவன் மக்கள் அவரை டாயில் எனப்படும் மக்களவைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1973 வரை 17 பொதுத்தேர்தல்கள் நடந்தன. ஒன்றிலும் அவர் தோற்கவில்லை.

1957இல் அவர் இரண்டாம் முறையாக வேளாண் அமைச்சரானபோது, மாட்டுக் காசநோய் பெரும் கவலையாக எழுந்து நின்றது. பிரிட்டன் தன் மந்தைகளிலிருந்து அந்நோயை அகற்றி முடிக்கும் தறுவாயில் இருந்தது. நோயுள்ள நாட்டு மாட்டை அது வாங்காது. அயர்லாந்துச் சிறு விவசாயிக்கோ பிரிட்டன் சந்தைதான் சோறு. கால்நடை மருத்துவர் மாட்டின் கழுத்து மயிரைக் கத்தரித்து, நோயைக் கண்டறியும் சோதனை ஊசி போடுவார். மூன்று நாள் கழித்து வந்து அதே இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். தோல் தடித்திருந்தால் அந்த மாடு வெட்டுக்குப் போகும். இழப்பீடு உண்டு என்றாலும், ஏழெட்டுப் பசுக்களே சொத்தாக இருந்த வீட்டில் அந்த மூன்று நாள்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வேதனையைத் தன் ஊரிலேயே அறிந்த ஒருவர் அப்போது அமைச்சராக இருந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். 1965இல் அயர்லாந்து தன் மந்தைகள் நோய் நீங்கியவை என்று அறிவித்தது.

ஆனால் அப்போது அவர் பதவியில் இல்லை. கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் பிரதமர் ஷான் லெமாஸ் தொழிற்சங்கங்களுக்கு இணங்கிப் போய்விட்டார் என்று கருதி, 1964 அக்டோபரில் ஸ்மித் பதவி விலகினார். தொழிலாளர் தரப்பின் நியாயத்தை அவர் போதிய அளவு காணவில்லை என்பதே என் எண்ணம். எனினும், கொள்கைக்காக நாற்காலியை விட்டு எழுந்த துணிவை மறுக்க முடியாது. அவருக்குப் பின் வேளாண் துறை டப்ளின் நகரத் தொகுதியின் உறுப்பினர் சார்லஸ் ஹாஹியிடம் போனது.

ஸ்மித் தன் கட்சியான ஃபியானா ஃபாயிலை விட்டு விலகவில்லை. 1977 வரை கேவனின் சாதாரண உறுப்பினராகவே தொடர்ந்தார். 53 ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட அந்த உறுப்பினர் காலத்தை டாயிலில் இன்றுவரை எவரும் தாண்டவில்லை.