சூனியக்காரிக்கும் ஓட்டுரிமைக்கும் என்ன சம்பந்தம்?

போன தடவ அலிக்ஸ் ஹாரோவோட 'தி ஒன்ஸ் அண்ட் ஃப்யூச்சர் விட்சஸ்' நாவல் பத்தி பேசினேன்ல, அதுக்கு ஒருத்தங்க கேட்டிருக்காங்க, சூனியக்காரி கதைக்குள்ள பொம்பளைங்க ஓட்டுரிமைப் போராட்டத்த எதுக்குங்க திணிச்சாங்க, ரெண்டும் ஒட்டவே இல்லையேன்னு. ரெண்டு நாளா மண்டைக்குள்ள இதேதான் ஓடுது. இன்னொருத்தர், கதை நடக்கற நியூ சேலம்னா நம்ம மாம்பழ சேலமான்னு கேக்கறார், இல்லங்க சார், அது அமெரிக்காவுல கற்பனை ஊரு. அமெரிக்காவுல இருக்கற நிஜ சேலத்துல 1692ல சூனியம் வெச்சாங்கன்னு 19 பேர தூக்குல போட்டாங்க. எரிக்கல, தூக்குலதான் போட்டாங்க, எத்தன தடவ சொல்லிட்டேன்.

சரி, ஒட்டலங்கறீங்க. கதை நடக்கற வருஷம் 1893. அதே 1893லதான் மெட்டில்டா ஜோஸ்லின் கேஜ்னு ஒரு அம்மா, இவங்க நிஜ ஆளு, 'விமன், சர்ச் அண்ட் ஸ்டேட்'னு புக் போட்டாங்க. சூனியக்காரின்னு கொன்னாங்களே, அவங்கல்லாம் மருந்து மூலிகை தெரிஞ்ச விவரமான பொம்பளைங்க, அந்த விவரத்தப் பாத்துதான் சர்ச்சுக்கு பயம்னு எழுதினாங்க. 90 லட்சம் பேர கொன்னாங்கன்னு போட்ட கணக்கு சுத்தமா தப்பு, இப்ப ஆராய்ச்சி பண்றவங்க 40,000லேர்ந்து 60,000ன்னு சொல்றாங்க, அது வேற விஷயம். இந்தம்மா, ஓட்டுரிமைத் தலைவிங்க சூசன் ஆந்தனி, எலிசபெத் ஸ்டான்டன் கூட சேந்து ஓட்டுரிமை இயக்க வரலாறையே எழுதினவங்க. மருமகன் யாரு தெரியுமா, 'தி வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஓஸ்'னு குழந்தைங்க கதை எழுதின ஃப்ராங்க் பாம்! 1900ல வந்த அந்தக் கதைல நல்ல சூனியக்காரின்னு வருதே, மாமியார் வீட்டு சாப்பாடு வீண்போகல.

நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறங்க. ஆந்தனி பேரு தெரியுது, கேஜ் பேரு ஏன் தெரியல? 1890ல ரெண்டு ஓட்டுரிமை சங்கத்த ஒண்ணாக்கினாங்க, மதுவிலக்கு கேக்கற சர்ச் பொம்பளைங்களும் நம்ம கூட இருக்கட்டும்னு ஆந்தனி கணக்கு, கேஜ் முடியவே முடியாதுன்னு தனி சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க, அப்புறம் கூட இருந்தவங்களே ஓரங்கட்டிட்டாங்க.

இப்ப நாவலுக்கு வாங்க. கதைல மூணு அக்கா தங்கச்சிங்க, கடைசி தங்கச்சி ஜூனிப்பர் ஓட்டுரிமை சங்கத்துல சேந்து மந்திரம்னு வாயத் தொறந்தா, அங்க இருக்கற பெரிய வீட்டு அம்மாங்க பேரு கெட்டுடும்னு பதறுறாங்க. ஏழு வருஷமா மூஞ்சில முழிக்காத அக்காங்க ரெண்டு பேரோடதான் அவ அப்புறம் தனியா ஒண்ணு தொடங்கறா. இது கேஜ் கதைதானே?

இன்னொண்ணு, கேஜ் தியோசபி சங்கத்துல, அதான் பிரம்மஞான சபைல, இருந்தவங்க. ஆமா, நம்ம அடையாறு தியோசபிதான். அதே அடையாறுல 1917ல இந்திய மாதர் சங்கம் தொடங்கி ஓட்டு கேட்டு, 1921ல மெட்ராஸ் மாகாணத்துல பொம்பளைங்களுக்கு ஓட்டு கிடைச்சு, அதுவும் சொத்து இருக்கறவங்களுக்கு மட்டும்... இத ஆரம்பிச்சா விடிஞ்சுடும், அடுத்த கேள்விக்குப் போவோம்.