50 முறை பார்த்தாலும் தப்பும் 16 சென்டிமீட்டர்: ஆஃப்சைடைக் கண்டுபிடிக்கும் ஆழ்கற்றல்

[காட்சி: அல் பைத் மைதானம், இரவு வெளிச்சம்]

2022 நவம்பர் 20. கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். கொண்டாட்டம் நீடிக்கவில்லை. அதற்குச் சற்று முன்பே சக வீரர் மைக்கேல் எஸ்ட்ராடாவின் கால் ஆஃப்சைடில் (அதாவது, தன் அணியினர் பந்தைத் தொட்ட கணத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டி கோலுக்கு நெருக்கமாக) இருந்ததாகத் தீர்ப்பு வந்தது. கத்தார் கோல்கீப்பர் இடத்தை விட்டு முன்னே வந்திருந்ததால், தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கும் அது உடனே பிடிபடவில்லை.

[காட்சி: கூரையின் அடியில் கேமராக்கள், வீரர்மேல் புள்ளிகள்]

மைதானக் கூரையின் அடியில் பொருத்தப்பட்ட 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள் வரை நொடிக்கு 50 முறை குறித்துக்கொண்டிருந்தன. 22 பேருக்குமாகக் கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 32,000 இடக்குறிப்புகள்.

முழங்கால் எது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? மனிதர்கள் கையால் மூட்டுகளைக் குறித்துவைத்த ஏராளமான படங்களைக் காட்டித்தான் நரம்பியல் வலையமைப்புகள் எனப்படும் ஆழ்கற்றல் நிரல்களைப் பழக்குகிறார்கள். பழகிய வலையமைப்பு பெரும்பாலும் ஒரே புள்ளியைச் சட்டென்று சுட்டுவதில்லை. படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் ‘இது இடது முழங்காலாக இருக்க எவ்வளவு வாய்ப்பு’ என்று ஒரு மதிப்பெண் போடுகிறது, அதிக மதிப்பெண் விழுந்த இடமே மூட்டு என்று கொள்ளப்படுகிறது. ஆகவே, திரையில் நாம் பார்க்கும் அந்தத் துல்லியமான எலும்புக்கூடு உண்மையில் ஊகங்களின் கோர்வைதான்.

கார்னர் கிக்கின்போது பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்கையில், ஒரு கேமராவுக்கு மறைந்த கணுக்கால் இன்னொன்றுக்குத் தெரியும். குறைந்தது இரண்டு கோணங்களிலிருந்து ஒரே மூட்டைப் பார்க்க முடிந்தால், அதன் முப்பரிமாண இடத்தை வடிவியலால் கணக்கிட்டுவிடலாம். ஒரே நிறச் சட்டையில் இருவர் குறுக்கே ஓடிப் பிரியும்போது யார் யார் என்பதைத் தவறவிடாமல் இருப்பதுதான், என் பார்வையில், இதைவிடக் கடினம். ஒவ்வொருவரும் வந்த வேகத்தையும் திசையையும் வைத்து அடுத்த கணத்தில் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே கணித்து, அந்தக் கணிப்போடு புதிய புள்ளிகளைப் பொருத்திப் பார்ப்பது வழக்கம்.

[காட்சி: பந்தை உதைக்கும் கால், மிக மெதுவாக]

நொடிக்கு 50 முறை என்றால் இரண்டு பதிவுகளுக்கு இடையே 20 மில்லிநொடி. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் அதற்குள் 16 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார், அதாவது ஒரு முழுக் கையகலத்தைவிட அதிகம். ஆஃப்சைடோ பந்தை உதைத்த கணத்தை வைத்தே முடிவாகிறது. அதனால்தான் அந்தப் போட்டியின் ‘அல் ரிஹ்லா’ பந்துக்குள்ளேயே ஒரு சென்சார் வைக்கப்பட்டு, நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. உதைத்த கணம் பற்றிய ஐயம் 2 மில்லிநொடியாகக் குறைந்ததால், அதனால் வரும் 16 சென்டிமீட்டர் ஐயமும் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கியது.

கை முழுவதும் ஆஃப்சைடு கணக்கில் வராது; அக்குளின் அடிப்பகுதிக்கு நேராகவே கை தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது, அதற்கு மேலுள்ள தோள் கணக்கில் வரும். தளர்ந்த சட்டைக்குள் மறைந்திருக்கும் அந்த எல்லையையும் வலையமைப்பு ஊகித்தாக வேண்டும். இந்த முறைக்கு ‘அரைத் தானியங்கி’ என்று பெயர்: அந்த உலகக் கோப்பையில், உதைத்த கணத்தையும் ஆஃப்சைடு கோட்டையும் வீடியோ நடுவர் குழு தன் கண்ணால் சரிபார்த்த பிறகே களத்திலிருந்த நடுவருக்குச் செய்தி போனது, ரசிகர்கள் பார்த்த அசைவூட்டப் படம் அதற்கும் பிறகுதான் மைதானத் திரையில் வந்தது.