சலில் சௌத்ரி காப்பியடிச்சாரா? அவர் பாட்டு கீபோர்டுல ஏன் உட்கார மாட்டேங்குது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். ஒரு நேயர் அனுப்பின கேள்வியை முதல்ல படிச்சிடறேன். "சலில் சௌத்ரி மொசார்ட் சிம்பொனியை எடுத்துப் பாட்டாக்கினவர். ஒரே மெட்டை வங்காளம், இந்தி, தமிழ்னு பல மொழியில போட்டவர். அப்புறம் ஏன் அவரை இவ்வளவு கொண்டாடறாங்க? இன்னொண்ணு, அவர் பாட்டைக் கீபோர்டுல வாசிச்சா மெட்டு சரியா இருக்கு, ஆனா அந்தப் பாட்டு மாதிரியே இல்ல. எங்க தப்பு பண்றேன்?"

நீங்க ரெண்டு கேள்வியா கேட்டிருக்கீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு தோணுது. வங்காளத்துலேருந்து வந்த இசையமைப்பாளர் சலில் சௌத்ரி. அவரோட வேலையில பாதி மெட்டுக்குக் கீழ, பின்னணியில ஒலிக்கிற ஸ்வரங்கள்ல நடக்குது. மெட்டை மட்டும் பிடிச்சுக்கிட்டா காப்பின்னும் தோணும், கீபோர்டுல வெறுமையாவும் கேக்கும்.

முதல்ல மொசார்ட் விஷயம். 1961ல வந்த 'சாயா' படம், தலத் மஹ்மூதும் லதா மங்கேஷ்கரும் பாடின 'இத்னா ந முஜ் ஸே தூ ப்யார் படா'. அதோட ஆரம்பம் மொசார்ட் 1788ல எழுதின 40ஆவது சிம்பொனி, ஜி மைனர், முதல் பகுதியிலேருந்து வந்ததுதான். இதுல சந்தேகமே வேண்டாம். நம்ம கணக்குல ஜி-யை ஸட்ஜமா வச்சா அது நடபைரவி ஸ்வரங்கள். ஆரம்பம் எப்படின்னா, தபப, தபப, தபப, உடனே மேல் ஸ்தாயி காந்தாரத்துக்கு ஒரு தாவல். அங்கேருந்து கரிஸ, ஸநித, தபம, ம-ன்னு படிப்படியா இறங்குது. அடுத்த வரி அதையே ஒரு படி கீழ வச்சு பமம, பமம, பமம, ரி-ன்னு போகுது. கீபோர்டுல வாசிச்சுப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துல கைக்கு வந்துடும்.

மொசார்ட்டுல இதுக்கு அடியில வயோலாக்கள் (வயலினை விடக் கொஞ்சம் பெரிய வாத்தியம்) பதற்றமா ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு நிலைகொள்ளாத இசை அது. சலில் அந்தத் தொடக்க வாக்கியத்தை எடுத்து, 'நான் ஒரு நாடோடி மேகம், என் மேல இவ்வளவு ஆசை வைக்காதே'ன்னு ஒருத்தன் சொல்ற பாட்டுக்குப் பல்லவியா வச்சார். நிலைகொள்ளாத மெட்டு, நிலைகொள்ளாத ஆளு. பொருத்தம் எவ்வளவு சரியா விழுந்திருக்கு பாருங்க. சரணம் அவரோட சொந்த வேலை. அதனால பல்லவி மொசார்ட்டுக்குக் கடன்பட்டதுன்னு நேர்மையா ஒத்துக்கணும். பாட்டு முழுக்க காப்பின்னு சொன்னா அதை நான் ஏத்துக்க மாட்டேன். 'மதுமதி'யில வர்ற 'தில் தடப் தடப் கே' பாட்டும் அதே மாதிரிதான், அதுக்கு மூலம் ஒரு போலந்து நாட்டுப்பாட்டு.

இந்த மேற்கத்திய இசை அவருக்கு எங்கேருந்து வந்ததுங்கறது முக்கியம். அப்பா அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துல டாக்டர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ஐரிஷ் டாக்டரோட இசைத்தட்டுகள் அவங்க வீட்டுக்கு வந்து சேர்ந்துது. சின்ன வயசுலயே சிம்பொனி கேட்டு வளர்ந்த பையன், அதே காதால தோட்டத் தொழிலாளிகளோட பாட்டையும் கேட்டுக்கிட்டிருந்தான். அப்புறம் கல்கத்தாவுல கல்லூரி, 1943 வங்காளப் பஞ்சம், விவசாயிகள் போராட்டம், இப்டாங்கற மக்கள் நாடக மன்றம். ஊர் ஊரா கூட்டத்துக்குப் பாட்டெழுதி மெட்டுப் போட்டார். கூட்டமா பாடற பாட்டுக்கு ஒரே குரல் போதாது, ஒண்ணுக்கு மேல ஒண்ணா குரல் அடுக்கணும். ஹார்மனிங்கறது அவர் கைக்கு வந்த வழி இதுதான். 1950களின் பிற்பகுதியில பம்பாய்ல ஒரு இளைஞர் சேர்ந்திசைக் குழுவே ஆரம்பிச்சார், பம்பாய் யூத் கொயர்னு.

இந்திக்கு அவர் வந்ததே இசையமைப்பாளரா மட்டும் இல்ல, கதாசிரியராவும்தான். ரிக்‌ஷாக்காரன் பத்தி அவர் எழுதின கதை இயக்குநர் பிமல் ராய் கைக்குப் போய் 1953ல 'தோ பீகா ஜமீன்' ஆச்சு. அந்தப் படத்துக்கு எடிட்டர் ரிஷிகேஷ் முகர்ஜி. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க. 1958ல 'மதுமதி'. சலிலுக்கு ஃபிலிம்ஃபேர் விருது. அதே படத்துல 'ஆஜா ரே பர்தேசி' பாடினதுக்கு லதாவுக்கும் விருது. பின்னணிப் பாடகர்களுக்குன்னு ஃபிலிம்ஃபேர் விருது கொடுக்க ஆரம்பிச்சதே அந்த வருஷம்தான்.

அதுக்கப்புறம் அவருக்குப் பெரிய படங்கள் வரிசையா வந்திருக்கணும். வரல. 1960ல 'பரக்', 1961ல 'காபுலிவாலா'ன்னு நல்ல பாட்டுகள் நிறைய வந்துது. 1966 ஜனவரியில பிமல் ராய் காலமானார். அதே 1966ல 'பிஞ்ச்ரே கே பஞ்சீ'ன்னு ஒரு படத்தை சலிலே இயக்கிப் பார்த்தார். அந்தக் காலத்துல அவரோட பின்னணி இசையைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன். 1960ல 'கானூன்', 1969ல 'இத்தேஃபாக்'. ரெண்டுலயும் பாட்டே கிடையாது. ஒரு இந்திப் படத்துல பாட்டில்லாம இசையை மட்டும் நம்பி ஒருத்தர்கிட்ட கொடுக்கறாங்கன்னா அது சின்ன நம்பிக்கை இல்ல. 1971ல 'ஆனந்த்' வந்துது. இயக்குநர் அதே ரிஷிகேஷ் முகர்ஜி. அதுக்கப்புறம் பாசு சட்டர்ஜியோட 'ரஜனிகந்தா', 1974. அதுல 'கயீ பார் யூன் பீ தேகா ஹை' பாடினதுக்கு முகேஷுக்குத் தேசிய விருது.

தெற்குல சலிலோட தடம் இன்னும் ஆழமா இருக்கு. 1965ல மலையாள இயக்குநர் ராமு காரியாட்டோட 'செம்மீன்'. ஏ.ஆர்.ரஹ்மானோட அப்பா ஆர்.கே.சேகர் மலையாளத்துல சலிலுக்கு உதவியாளரா இருந்தவர். இளையராஜா சலிலோட குழுவுல கிட்டார் வாசிச்சிருக்கார். தமிழ்ல 'கரும்பு'ன்னு ஒரு படம், ராமு காரியாட் எடுத்தது, வெளிவரவே இல்ல. அதுல சிலப்பதிகாரக் கானல்வரியை, 'திங்கள் மாலை வெண்குடையான்' பாட்டை, ஜேசுதாஸ் பாடியிருக்கார், சுசீலாம்மாவும் தனியா பாடியிருக்காங்க. இளங்கோவடிகளோட வரிக்கு ஒரு வங்காளி போட்ட மெட்டு அது. தேடிக் கேளுங்க.

இப்போ அந்த ஒரே மெட்டு விஷயத்துக்கு வரேன். 'ஆனந்த்'ல லதா பாடின 'நா ஜியா லாகே நா' தெரியும். வங்காளத்துலயும் லதா பாடின வடிவம் இருக்கு. 1979ல பாலு மகேந்திராவோட 'அழியாத கோலங்கள்' படத்துல எஸ்.பி.பி பாடின 'நான் எண்ணும் பொழுது' அதே மெட்டு. இதுக்கு ஒரு காரணம் வங்காளத்துல இருக்கு. அந்தக் காலத்துல அங்க துர்கா பூஜை சமயத்துல சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத புதுப் பாட்டுகளை இசைத்தட்டு கம்பெனிகள் வெளியிட்டுக்கிட்டிருந்தாங்க. அந்தத் தட்டுகளுக்குன்னே சலில் பாட்டு எழுதி மெட்டுப் போட்டார். அந்த மெட்டுகள்ல பல பின்னாடி சினிமாவுக்கு வந்துது. ரெண்டு வடிவத்தையும் அடுத்தடுத்து போட்டு, குரலை விட்டுட்டு மத்த வாத்தியங்களை மட்டும் கேளுங்க. மேல இருக்கிற மெட்டு ஒண்ணுதான், அதைச் சுத்தி என்ன மாறியிருக்குன்னு உங்க காதே சொல்லும்.

சரி, கீபோர்டு. மெட்டு சரியா இருந்தும் பாட்டு வரலைன்னா பெரும்பாலும் நாலு இடத்துல ஒண்ணுல தப்பு இருக்கும்.

சுருதியிலேருந்து ஆரம்பிங்க. பழைய ஒலிப்பதிவுல டேப்போ தட்டோ ஓடின வேகம் 3 சதவீதம் கூடினாலே அரை ஸ்வரத்துல (அடுத்தடுத்த ரெண்டு கட்டைக்கு நடுவுல உள்ள தூரம்) பாதி ஏறிடும். அப்போ பாட்டு உங்க ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்கும், எந்தக் கட்டையை வச்சாலும் உரசும். டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிரயோஜனமில்ல, அது முழு அரை ஸ்வரமாத்தான் நகரும். ட்யூனிங்ல போய் 440ங்கற சுருதி எண்ணை ஒவ்வொண்ணா ஏத்தியோ இறக்கியோ பாட்டோட ஒட்ட வைங்க. 453 பக்கம் போனா அந்தப் பாதி வந்துடும்.

ரெண்டாவது, ஸ்டைலை, அதாவது கீபோர்டுல தானா ஓடற தாளப் பின்னணியை, அணைச்சிடுங்க. ஆட்டோ தாளம் ஓடினா கார்ட்ஸை (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒண்ணா அழுத்தறது) ஒரு தாளச் சுத்துக்கு ஒண்ணாத்தான் மாத்தத் தோணும். சலில் பாட்டுல பாதிச் சுத்துலயே கார்டு மாறும்.

மூணாவதுதான் பெரிய விஷயம், இதை நிதானமா கேளுங்க. குரல் ஒரே ஸ்வரத்துல நிக்கிற இடத்துல நீங்க கார்ட்ஸையும் நிறுத்திடறீங்க. அவரு அங்கதான் கீழ நகர்த்துவாரு. உதாரணத்துக்கு வலது கையில ஜி-யை அழுத்திப் பிடிங்க, விடாதீங்க. இடது கையில சி மேஜர் வைங்க. இப்போ அந்த ஜி அஞ்சாவது ஸ்வரம், நிம்மதியா கேக்கும். கீழ ஈ மைனருக்கு மாத்துங்க. அதே ஜி இப்போ மூணாவது ஸ்வரமாயிடுச்சு, ஒரு சோகம் வரும். ஏ மைனர் செவன்த் போட்டா அது ஏழாவது, எதுக்கோ காத்திருக்கிற மாதிரி கேக்கும். மேல ஒரு விரல்கூட நகரல, ஆனா மூணு மனநிலை வந்துடுச்சு. நீங்க சி மேஜர்லயே நின்னா இதெல்லாம் போயிடும், வெறும் மெட்டு மட்டும் மிஞ்சும். அந்த வெறுமையைத்தான் நீங்க கேள்வியில சொல்லியிருக்கீங்க.

கடைசியா பேஸ், அதாவது எல்லாத்துக்கும் அடியில ஒலிக்கிற கீழ் ஸ்வரம். எல்லாரும் கார்டோட பேரையே பேஸ்ல வாசிப்பாங்க. சி மேஜர்னா சி. அவர் பாட்டுல பல இடத்துல பேஸ் அப்படித் தாவாது, நடந்து போகும். சி, பி, ஏ-ன்னு இறங்குதுன்னு வைங்க, அந்த நடுவுல வர்ற பி-க்கு மேல ஜி மேஜர் இருக்கும். நீங்க பேஸ்லயும் ஜி வச்சா கார்டு தப்பில்ல, ஆனா அந்த நடை உடைஞ்சிடும்.

அதனால இப்படிப் பண்ணுங்க. 'ஆனந்த்'ல முகேஷ் பாடின 'கஹீன் தூர் ஜப்' எடுத்துக்குங்க, வேகம் குறைவு, நல்லா காது பிடிக்கும். ஹெட்போன் போட்டு மெட்டை வாயால பாடுங்க, கீபோர்டுல தொடாதீங்க. இடது கை ஒரே விரல்ல பேஸை மட்டும் தேடுங்க. பல்லவி முழுக்க பேஸ் எழுதி முடிச்ச பிறகுதான் கார்ட்ஸ். அதுக்கும் பிறகு, குரல் மூச்சு விடற இடத்துல பின்னாடி எந்த வாத்தியம் பதில் சொல்லுதுன்னு கேட்டு அந்த வரியைத் தனியா எழுதுங்க. சரணத்துக்குப் பல்லவியோட கார்ட்ஸை அப்படியே கொண்டு போகாதீங்க, அதைப் புதுப் பாட்டா நினைச்சு முதல்லேருந்து தேடுங்க. ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் ஆகும். ஆகட்டும்.