சால்டர் பேஸ்ட்: பார்த்து வாங்குவதும் பத்திரமாக வைப்பதும்

வணக்கம். என் மேசையில் இரண்டு சிரிஞ்சுகள் இருக்கின்றன. இரண்டிலும் இருப்பது ஒரே கலவை: 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த சால்டர் பேஸ்ட், அதாவது மின்னணுப் பாகங்களைச் சர்க்யூட் போர்டில் உருக்கி ஒட்டுவதற்கான பசை. ஒன்று சென்ற மாதம் வாங்கி, வாங்கிய நாளிலிருந்து குளிரில் வைத்தது. மற்றொன்று போன சித்திரையில் வாங்கி, சென்னையின் கோடை முழுவதும் இந்த மேசையின் இழுப்பறையிலேயே கிடந்தது. கேமராவுக்கு அருகில் கொண்டு வருகிறேன், பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிகின்றன. பதிவின் கடைசியில் இரண்டையும் ஹாட் பிளேட்டில் உருக்கப் போகிறேன்.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடையில் 'சால்டரிங் பேஸ்ட்' என்று மட்டும் கேட்டால், மஞ்சளாகவோ பழுப்பாகவோ மெழுகு போன்ற பொருள் அடைத்த சிறிய வட்ட டப்பாவை எடுத்துத் தருவார்கள். அது ஃப்ளக்ஸ், அதாவது சால்டர் ஒட்டுவதற்காக உலோகத்தின் மேற்பரப்பைச் சுத்தம் செய்யும் பொருள்; அதில் உலோகமே கிடையாது. நமக்கு வேண்டியது, அளவில் சிறியதாக இருந்தாலும் கையில் எடுத்தால் நன்றாகக் கனக்கும் சாம்பல் நிறப் பேஸ்ட். 'எஸ்எம்டி சால்டர் பேஸ்ட்' (போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சிறு பாகங்களுக்கானது) என்று கேளுங்கள். கலவையின் பெயரும் தயாரித்த தேதியும் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

தேதியை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சால்டர் கம்பியை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருந்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை என்பதால், பேஸ்ட்டும் அப்படித்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பேஸ்ட்டின் எடையில் 85 முதல் 90 விழுக்காடு வரை உலோகம் என்பது உண்மைதான். ஆனால் ஃப்ளக்ஸ் மிகவும் இலேசானது என்பதால், கன அளவில் பார்த்தால் ஏறத்தாழப் பாதி ஃப்ளக்ஸ். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய உலோக உருண்டைகள் அந்த ஃப்ளக்ஸில் மிதந்துகொண்டிருக்கின்றன. உருக்கும்போது உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தைக் கரைப்பதற்காக ஃப்ளக்ஸில் சேர்த்திருக்கும் அமிலங்கள், நாம் சூடேற்றும் வரை கைகட்டிக் காத்திருப்பதில்லை. சிரிஞ்சுக்குள் இருக்கும்போதே அவை அந்த உருண்டைகளோடு மெல்ல மெல்ல வினைபுரிகின்றன. அமிலம் செலவாகிறது, பேஸ்ட் இறுகுகிறது, ஸ்டென்சில் எனப்படும் துளையிட்ட மெல்லிய தகட்டின்மேல் இழுக்கும்போது, துளைகள் வழியே போர்டில் சரியாக விழாமல் போகிறது. அரைத்த இட்லி மாவை வெளியில் வைத்தால் மறுநாளே புளித்துப் பொங்குகிறது, ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்குகிறது. பேஸ்ட்டில் நடப்பது நொதித்தல் இல்லை என்றாலும், சூடு கூடினால் வேகமும் கூடும் என்பது இரண்டுக்கும் பொருந்தும். 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்ற பொதுவான கணக்கை வைத்துப் பார்த்தால், 5 டிகிரியில் இருக்கும் பேஸ்ட்டைவிட 35 டிகிரி இழுப்பறையில் கிடக்கும் பேஸ்ட் எட்டு மடங்கு வேகமாக முதுமை அடையும்.

இனி எந்தக் கலவையை வாங்குவது என்று பார்ப்போம். 63/37 கலவை 183 டிகிரியில் ஒரே புள்ளியில் உருகி, ஒரே புள்ளியில் உறையும். கற்றுக்கொள்பவருக்கு இதைப்போலக் கைகொடுக்கும் கலவை வேறு இல்லை என்பது என் கருத்து. விற்பனைக்காகப் பொருள் செய்கிறவர்களும், வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களும் ஈயமில்லாததைத்தான் எடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈயத்துக்கான கட்டுப்பாடு 2006 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஈயமில்லாதவற்றில் பரவலானது எஸ்ஏசி305: 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு. அது 217 டிகிரியில் உருகத் தொடங்குகிறது. ஆகவே தட்டின் சூட்டை 240 டிகிரியைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டியிருக்கும், அந்தச் சூட்டில் மலிவான பிளாஸ்டிக் கனெக்டர்கள் இளகிவிடும்.

மூன்றாவது வகை, 42 பங்கு வெள்ளீயமும் 58 பங்கு பிஸ்மத்தும் கலந்தது. 138 டிகிரியிலேயே உருகிவிடுவதால் சிறிய ஹாட் பிளேட் வைத்திருப்பவர்களுக்கு இதன்மேல் ஆசை வருவது இயல்பு. எல்இடிகளும் சூடு தாங்காத உணரிகளும் உள்ள போர்டுகளுக்கு நானும் இதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்தக் கலவை நொறுங்கும் தன்மை கொண்டது; நாள்தோறும் செருகி எடுக்கும் யூஎஸ்பி சாக்கெட்டை இதை நம்பி ஒட்டாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. குறைந்த விலைக்கு நாம் வரவழைக்கும் பிசிபிகளின் (சர்க்யூட் போர்டுகளின்) பேட்கள்மீது, அதாவது பாகங்களின் கால்கள் உட்காரும் செம்புத் திட்டுகள்மீது, பெரும்பாலும் ஈயம் கலந்த சால்டர்தான் பூசியிருக்கும். பிஸ்மத்தும் ஈயமும் வெள்ளீயமும் ஒன்றுசேர்ந்தால் 96 டிகிரி அளவிலேயே உருகக்கூடிய ஒரு கலவை இணைப்புக்குள் உருவாக வாய்ப்பு உண்டு. தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்பே இணைப்பு இளகிப்போகும். பிஸ்மத் பேஸ்ட்தான் என்று முடிவு செய்தால், போர்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே தங்கப்பூச்சையோ ஈயமில்லாத பூச்சையோ தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது உருண்டைகளின் பருமன். டைப் 3 என்றால் பெரும்பாலான உருண்டைகள் 25 முதல் 45 மைக்ரான்; டைப் 4 என்றால் 20 முதல் 38 மைக்ரான். ஸ்டென்சிலில் உள்ள மிகக் குறுகிய துளையின் அகலத்தில், அந்த வகையின் மிகப்பெரிய உருண்டைகள் குறைந்தது ஐந்து அருகருகே நிற்க வேண்டும் என்பது தொழிலில் இருப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. நம்மில் பலர் பயன்படுத்தும் ஆர்பி2040 சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அடுத்தடுத்த கால்களின் மையங்களுக்கு இடையே 0.4 மில்லிமீட்டர்; பேட்டின் அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர், அதாவது 200 மைக்ரான். டைப் 3 என்றால் ஐந்து நாற்பத்தைந்து 225, துளைக்குள் அடங்காது. டைப் 4 என்றால் ஐந்து முப்பத்தெட்டு 190, இழுத்துப்பிடித்து அடங்கிவிடும். என் முதல் ஆர்பி2040 போர்டில் பாதிப் பேட்களில் பேஸ்ட் விழாததற்கு என் கையைத்தான் இரண்டு வாரம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் இந்தப் பெருக்கல்தான் என்று பிறகே புரிந்தது. 0603 என்னும் சிறிய அளவுப் பாகங்களும், கால்களுக்கு நடுவே இடைவெளி அகன்ற ஐசிகளும் (சிப்களும்) மட்டும் உள்ள போர்டு என்றால் டைப் 3 தாராளமாகப் போதும். டைப் 5 இன்னும் நுண்ணியதாயிற்றே, அதையே வாங்கிவிடலாமே என்று நினைக்க வேண்டாம். உருண்டை சிறுக்கச் சிறுக்க மொத்த மேற்பரப்பு கூடும், ஆக்சைடும் கூடும், ஆயுள் குறையும்.

ஃப்ளக்ஸைப் பொறுத்தவரை 'நோ கிளீன்', அதாவது உருக்கிய பின் கழுவத் தேவையில்லாத வகையே வீட்டு வேலைக்கு ஏற்றது. நீரில் கரையும் வகையின் எச்சம் உலோகத்தை அரிக்கும். அன்றே நன்றாகக் கழுவியாக வேண்டும்.

எவ்வளவு வாங்குவது என்பதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். ஒரு 0603 ரெசிஸ்டரின் ஒரு பேட் 0.8க்கு 0.9 மில்லிமீட்டர் என்றும், ஸ்டென்சிலின் தடிமன் 0.12 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அந்தப் பேட்டில் விழும் பேஸ்ட்டின் எடை ஏறத்தாழ 0.4 மில்லிகிராம். நூறு ரெசிஸ்டர்கள் உள்ள போர்டுக்குக்கூட ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு தேவைப்படாது. ஸ்டென்சிலில் இழுப்பதற்குச் சில கிராம் கூடுதலாக வேண்டியிருக்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், அரைக் கிலோ டப்பா நமக்கு எதற்கு? கிராமுக்கு விலை கூடுதலாக இருந்தாலும், கிடைப்பதில் மிகச் சிறிய சிரிஞ்சையே வாங்குங்கள். அக்னி நட்சத்திர நாள்களில் கூரியரில் வரவழைப்பதை முடிந்தவரை தவிருங்கள்.

வைக்கும் முறைக்கு வருவோம். பெரும்பாலான பேஸ்ட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் வெப்பநிலை 2 முதல் 10 டிகிரி; அப்படி வைத்தால் ஆறு மாதம், சிலவற்றுக்கு ஓர் ஆண்டு. ஃப்ரீசர் வேண்டாம், உறைந்தால் ஃப்ளக்ஸின் பொருள்கள் பிரிந்து போகலாம். சிரிஞ்சை மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். டப்பா என்றால், உள்மூடியைப் பேஸ்ட்டின் மேல் படும்வரை அழுத்தி, காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள்.

ஆனால் எந்த ஃபிரிட்ஜ்? ஈயம் உள்ள எதையும் பாலும் காய்கறியும் இருக்கும் ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், குறிப்பாகக் குழந்தைகள் திறக்கும் ஃபிரிட்ஜில். இதற்கென்று தனியாகக் காரில் வைக்கும் சிறிய மின்குளிர்ப்பெட்டியை வாங்கலாம் என்று எனக்கும் தோன்றியது. கம்ப்ரசர் இல்லாத அந்தப் பெட்டிகள் அறையின் சூட்டைவிட 15 அல்லது 20 டிகிரிதான் குறைக்கும். 38 டிகிரி அறையில் அது 18 டிகிரியில் நின்றுவிடும். ஆகவே தனிக் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை, அறை வெப்பத்திலேயே ஓர் ஆண்டு தாங்கும்படி செய்யப்பட்ட பேஸ்ட். லாக்டைட் ஜிசி 10 போன்றவை 26.5 டிகிரி வரை ஓராண்டு தாங்கும் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். நம் கோடை அந்த அளவையும் தாண்டும் என்பதால், இதையும் வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில்தான் வைக்க வேண்டும்.

வெளியே எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளியே முத்து முத்தாக நீர் கோப்பதைத் தினமும் பார்க்கிறோம். குளிர்ந்த பேஸ்ட்டை உடனே திறந்தால் அதே நீர் பேஸ்ட்டின்மேல் கோக்கும். சூடேறும்போது அந்த ஈரம் வெடித்து, உருண்டைகளை நாலாபுறமும் தெறிக்கவிடும். நான் ஒரு முறை அவசரப்பட்டு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பத்தே நிமிடத்தில் ஸ்டென்சிலில் இழுத்தேன். ஐசியின் கால்களுக்கு நடுவே குட்டிக் குட்டிச் சால்டர் மணிகள். அவற்றில் ஒன்று மின்வழியைக் குறுக்கே இணைத்துச் சிப்பையே எரித்துவிட்டது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் சிறிய சிரிஞ்சுக்கு இரண்டு மணி நேரமும், பெரிய டப்பாவுக்கு நான்கு மணி நேரமும், மூடியைத் திறக்காமலே காத்திருங்கள். ஹாட் ஏர் காட்டியோ வெந்நீரில் வைத்தோ அவசரப்படுத்த வேண்டாம். டப்பாவில் உள்ளதைப் பிளாஸ்டிக் கரண்டியால் ஒரே திசையில் மென்மையாக ஒரு நிமிடம் கலக்குங்கள். ஸ்டென்சிலில் மீந்ததை மறுபடி புதிய டப்பாவில் போடாதீர்கள். தனிச் சிமிழில் வைத்து, அன்றைய வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பேஸ்ட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வேறு எதையும் தொடுங்கள்.

இப்போது சோதனை. இது செம்பு நீக்கிய வெற்றுப் பிசிபி துண்டு. இதில் சால்டர் ஒட்டாது. இடப்புறம் புதியதையும் வலப்புறம் பழையதையும் மிளகு அளவு வைத்திருக்கிறேன். தட்டு 215 டிகிரிக்குப் போகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது, விசிறி புகையை வெளியே இழுக்கிறது.

இடப்புறத்தைப் பாருங்கள். பேஸ்ட் முழுவதும் ஒன்றாகச் சுருங்கி, கண்ணாடி போல மின்னும் ஒரே உருண்டையாகிவிட்டது. சுற்றிலும் தெளிவான ஃப்ளக்ஸ் வளையம் மட்டுமே இருக்கிறது. வலப்புறத்தில் நடுவே மங்கலான ஒரு கட்டி, அதன் மேல் திராட்சைக் கொத்து போல உருகாத மணிகள், சுற்றிலும் தூவியது போன்ற துகள்கள். ஆக்சைடைக் கரைக்கும் வலு அந்த ஃப்ளக்ஸில் மிச்சமில்லை என்பதற்கு அடையாளம் இது. தேதி தெரியாத பேஸ்ட் கையில் இருந்தால், போர்டில் வைப்பதற்கு முன் இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பழைய சிரிஞ்சில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. ஃப்ளக்ஸ் சேர்த்துக் கலக்கி உயிர்ப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உருண்டைகளின் மேலேறிய ஆக்சைடு அப்படியே இருக்கும், கலவையின் அளவும் மாறிவிடும் என்பதால் நான் அதைச் செய்யப் போவதில்லை. ஈயம் இருப்பதால் குப்பையிலும் போடக்கூடாது. மூக்கை அடைத்து, மேலே 'ஈயம், கெட்டுப்போனது' என்று எழுதி, மின்கழிவுக்காக வைத்திருக்கும் இந்தத் தகர டப்பாவில் போடுகிறேன். டப்பா நிறைந்ததும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்துவிடுவேன்.