கோணலா கூடின எலும்பை வெட்டித் திருப்பினாங்க!

ஹாய் மக்களே, இருங்க லைட்டைக் கொஞ்சம் நகத்திக்கிறேன்... ம், இப்ப புறங்கையில இந்தத் தழும்பு தெரியுதா, இதுதான் இன்னைக்குக் கதை.

போன வருஷம் பைக்ல இருந்து விழுந்து மோதிர விரலுக்குக் கீழ உள்ளங்கைக்குள்ள இருக்குற எலும்பு உடைஞ்சுது, மெட்டாகார்பல்னு சொல்லுவாங்க. மாவுக்கட்டு போட்டாங்க, பிரிச்சாங்க, எக்ஸ்ரே பாத்துட்டு எலும்பு கூடிடுச்சுன்னு அனுப்பிட்டாங்க, நானும் விரலை நீட்டிப் பாத்தேன், நேராத்தான் இருந்துச்சு. மடக்கினப்பதான் தெரிஞ்சுது வினை! மோதிர விரல் போய் சுண்டு விரல் மேல ஏறி உக்காந்துக்குது. தண்ணி அள்ளினா அந்தச் சந்துல மொத்தமா ஒழுகிடும்.

என்னன்னா, எலும்பு முறுக்கிட்டு கூடியிருக்கு. வளைஞ்சிருந்தா, குட்டையாயிருந்தா எக்ஸ்ரேல பளிச்சுனு தெரியும், இந்த முறுக்கு மட்டும் சட்டுனு மாட்டாது. அந்த எலும்புல 5 டிகிரி திரும்பினாலே விரல் நுனி ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் போயிடுமாம். அதனால கட்டுப் பிரிச்ச அன்னைக்கே மெதுவா கையை மூடிப் பாருங்க, நுனியெல்லாம் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டை நோக்கித்தான் வரணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. நீட்டிப் பாத்து ஏமாந்தவன் நான், அதான் சொல்றேன்.

ஆபரேஷன் பேரு ஆஸ்டியாட்டமி. கைக்கு மட்டும் மரத்துப் போற ஊசி, நான் முழிச்சுட்டுதான் இருக்கேன், சின்ன ரம்பத்துல கூடின எலும்பை மறுபடி வெட்டுறாங்க, வலி இல்ல, ஆனா அந்த கிர்ர்ர் சத்தம் இருக்கே... வெட்டித் திருப்பி கம்பியில தற்காலிகமா புடிச்சுக்கிட்டு "கையை மூடுங்க"ன்னாங்க, மூடினேன், "இன்னும் கொஞ்சம்"னு திருப்பினாங்க, கதவு மாட்டுற ஆசாரி மூடித் திறந்து பாப்பாரே அதே மாதிரி! சரியானதும் பிளேட் வச்சு ஸ்க்ரூ முடுக்கிட்டாங்க.

இதுல அசல் வேதனை பிசியோதான். சும்மா வச்சிருந்தா தசைநாண் பிளேட்டோட ஒட்டிக்கும், அப்புறம் அதைப் பிரிச்சு விட தனியா இன்னொரு ஆபரேஷன், அதனால சில நாள்லயே மடக்க வச்சுட்டாங்க. எலும்பு கூட ஆறு வாரம் கிட்ட ஆச்சு, விறைப்பு விட மாசக்கணக்கு.

லேசா கோணலா இருந்தும் வேலைக்கு இடைஞ்சல் இல்லைன்னா விட்டுடலாம்னுதான் டாக்டரே சொன்னாரு, அழகுக்காக இவ்ளோ பாடு தேவையான்னு எனக்கும் தோணுது. எனக்குப் பிடியே நிக்கல, அதான் போனேன். இருங்க, மூடிக் காட்டுறேன்... பாத்தீங்களா, ஏறல! நுனி இன்னும் உள்ளங்கையைத் தொடல, அரை விரக்கடை பாக்கி இருக்கு.