சாவி வாங்க மட்டும் வராதீர்கள்

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் பல்கலைக்கழகப் பதிவாளர்களும் துறைத் தலைவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். கட்டுகிறவர்களோடு பேசித்தான் எனக்குப் பழக்கம். கட்டச் சொல்கிறவர்கள் முன்னால் மைக் பிடிப்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் உரிமையோடு பேசிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் கட்டினோம். வரைபடத்தைத் துறைக்கு அனுப்பினேன். மூன்றே நாளில் கையெழுத்தாகி வந்துவிட்டது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. தளம் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, பூச்சு வேலை நடக்கும்போது துறைத் தலைவர் முதல் முறையாக மேலே ஏறி வந்தார். "ஃபியூம் ஹுட் குழாய் எந்த வழியா சார் போகும்?" என்றார். நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டைத்தான் சொன்னார். கையெழுத்துப் போட்டவர் அவரேதான். அப்புறம் தளத்தில் ஓட்டை போட்டோம், கம்பியை அறுத்தோம், ஒப்பந்ததாரர் எக்ஸ்ட்ரா ஐட்டம் என்று பில் போட்டார். அன்றைக்கு எனக்கு அந்தப் பேராசிரியர்மேல் கோபம். இப்போது யோசித்தால் என்மேல்தான் வருகிறது. கோடுகளைப் பார்த்து அறையை மனத்தில் எழுப்ப எனக்கே பல வருடம் பிடித்தது. அவர் மூன்று நாளில் செய்துவிட்டார் என்று நான் எப்படி நம்பினேன்?

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1957-இல் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கட்டடத்துக்கு லூயி கானை அமர்த்தியது. பின்னாளில் நம் அகமதாபாத் ஐஐஎம்மை வடிவமைத்தாரே, அவரேதான். ஆய்வு நடக்க சில கோபுரங்கள், குழாய்க்கும் காற்றுக்கும் படிக்கட்டுக்கும் தனிக் கோபுரங்கள். ரிச்சர்ட்ஸ் ஆய்வகம் என்று பெயர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1961-இல் அந்த ஒரு கட்டடத்துக்காகவே கண்காட்சி நடத்தியது. சரி, உள்ளே வேலை பார்த்தவர்கள்? வெயில் கண் கூசுகிறது என்று ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டினார்கள். திறந்த கூடமாக இருக்கட்டும் என்று விட்ட இடத்தில் ஆளாளுக்குத் தடுப்பு வைத்தார்கள். தலைக்கு மேல் மூடாமல் விட்ட குழாய்களில் தூசி சேர்கிறது என்று புலம்பினார்கள்.

போலியோ தடுப்பூசி தந்த ஜோனாஸ் சால்க் 1959-இல் கானைச் சந்தித்தார், அந்த ஆய்வகத்தையும் சுற்றிப் பார்த்தார். கலிபோர்னியாவின் லா ஹோயாவில் கடலோரமாக அமையவிருந்த தன் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவரையே அமர்த்தினார். ஆனால் சால்க் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. இன்றைய கருவி நாளைக்கு இருக்காது, எதையும் எங்கும் நகர்த்த வேண்டும், ஆகவே கூடத்துக்குள் தூணே கூடாது என்றார். விளைவு, ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கு மேலும் குழாய்களுக்கென்றே 9 அடி உயரமுள்ள ஒரு தளம். மூன்று ஆய்வுத் தளம், மூன்று குழாய்த் தளம். பிளம்பர் மேலே நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம், கீழே சோதனை நிற்காது.

1962-இல் சால்க் இன்னொன்றும் செய்தார். நான்கு ஆய்வுக் கட்டடம், இரண்டு தோட்டம் என்று திட்டம் முற்றிவிட்ட நேரம். மனத்துக்கு ஒப்பவில்லை, மறுபடி தொடங்குவோம் என்றார். இரண்டு கட்டடம், நடுவே ஒரே முற்றம் என்று கான் வரைந்து தந்ததுதான் இன்று உலகமே போய்ப் பார்க்கிற இடம். நம் ஊரில் ஒரு துணைவேந்தர் இப்படிச் சொல்லியிருந்தால் நான் மருத்துவ விடுப்பு எடுத்திருப்பேன். ஆனாலும் கவனியுங்கள், அவர் அழித்தது தாளில் இருந்ததை. கான்கிரீட்டை அல்ல.

நம்மிடம் ஒரு சால்க் இல்லை, கட்டடக் குழு இருக்கிறது. ஒரு கூட்டத்துக்கு வந்தவர் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. நடுவில் துணைவேந்தர் மாறிவிடுவார், டைல்ஸ் நிறமும் மாறும். ஆகவே ஒரே ஒருவரை நியமியுங்கள். வாரா வாரம் சைட் கூட்டத்துக்கு வரட்டும், சாவி வாங்கும் நாள் வரை அவரே இருக்கட்டும். சின்ன மாற்றங்களுக்கு அங்கேயே சரி சொல்லும் அதிகாரத்தை அவருக்கு எழுத்தில் கொடுங்கள். ஆனால் அவர் மேஸ்திரியிடம் போய், "அந்தச் சுவரை ஓரடி தள்ளுப்பா" என்று சொல்லக் கூடாது. சுவர் தள்ளிப்போகும். அது வரைபடத்திலும் இருக்காது, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்திலும் இருக்காது. பில் வரும்போது யார் சொன்னது என்று யாருக்கும் நினைவிருக்காது.

அந்த வேதியியல் ஆய்வகத்துக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன், தரையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளை முழு அளவில் கோடு போட்டுவிடுவேன். துறையில் எல்லோரையும் வரச் சொல்லி, அவரவர் இடத்தில் நிற்கச் சொல்வேன். ஒரு தடவை பேராசிரியர்கள் எல்லாம் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற ஆய்வக உதவியாளர் கையை அகலமாக விரித்துக்கொண்டு வாசல் கோட்டைத் தாண்டிப் பார்த்தார். "சார், கேஸ் சிலிண்டரைத் தள்ளுவண்டியில வச்சு இப்படித்தான் கொண்டு வருவேன். இடிக்குதே" என்றார்.

அன்று மாலையே வரைபடத்தில் வாசலை அகலமாக்கினோம்.