பக்கத்தை எங்கே போடுவது? அரச இணையத்தளத்தில் பக்க அடுக்கும் பிரெட்கிரம்பும்

[திரை: ஒரு இணையப் பக்கத்தின் மேல்வரி மட்டும் பெரிதாகத் தெரிகிறது.]

முகப்பு › எங்களைப் பற்றி › கிளைகள் › பதிவாளர் கிளை › பதிவிறக்கங்கள் › படிவங்கள்

இந்த வரியை ஒருதரம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி எடுக்க வந்த ஒருவருக்கு, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று இதைப் பார்த்தால் விளங்குமா?

இது இந்த வீடியோவுக்காக நாங்கள் கட்டிய ஒரு மாதிரிப் பிரதேச செயலகத் தளம். இப்படி ஒரு வரியை வேறெங்கோ பார்த்த ஞாபகம் வந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

வரிக்குப் பெயர் பிரெட்கிரம்ப். தளத்துக்குள் நீங்கள் நிற்கிற இடத்தையும், அதற்கு மேலே என்னென்ன இருக்கிறது என்பதையும் காட்டும். பலர் இதை வேலை எல்லாம் முடிந்த பிறகு ஒட்டுகிற ஒரு அலங்காரமாகத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பக்கங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. வரி வாசிக்க இடறினால், அடுக்கில்தான் கோளாறு.

[திரை: நிர்வாகம், கணக்கு, காணி, திட்டமிடல், பதிவாளர் என்று ஐந்து பெட்டிகள்.]

கோளாறு எங்கிருந்து வருகிறது? அலுவலகம் கிளை கிளையாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கிளையும் தன் படிவங்களைத் தன் பெயருக்குக் கீழேதான் போடச் சொல்லும். தளத்தைப் பார்க்கிற உத்தியோகத்தர் பாவம், யாரோடு சண்டை பிடிப்பார்? கடைசியில் அலுவலகத்தின் இருக்கை ஒழுங்கு அப்படியே மெனுவாகிவிடும். வெளியே இருந்து வருகிறவருக்கோ கிளைகளின் பெயர் தெரியாது. தன் காரியம் மட்டும்தான் தெரியும்: பிறப்பத்தாட்சி, அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், முதியோர் கொடுப்பனவு.

ஆகவே அடுக்கைக் காரியத்தில் இருந்து தொடங்குங்கள். தளத்தில் உள்ள ஒவ்வொரு சேவையையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். அவற்றை உத்தியோகத்தர்களிடம் கொடுக்காமல், வரிசையில் நிற்கிற நாலைந்து பேரிடம் கொடுத்து, எது எதோடு சேரும் என்று பிரிக்கச் சொல்லுங்கள். வடிவமைப்பாளர்கள் இதைக் கார்ட் சோர்ட்டிங் என்பார்கள். அரை நாள் வேலை, செலவு கிட்டத்தட்ட இல்லை. நீங்கள் ஒருபோதும் யோசித்திராத ஒரு பிரிவு அதில் வந்து விழும். அதுதான் உங்கள் மெனு.

[திரை: புதிய வரி.]

பிரதேச செயலகம், நல்லூர் › பிறப்பு, திருமணம், இறப்பு › பிறப்பத்தாட்சிப் பிரதி

ஆறு படி மூன்றாகிவிட்டது. ‘முகப்பு’ என்ற சொல்லையும் காணவில்லை, கவனித்தீர்களா? அதை வேண்டுமென்றுதான் எடுத்தோம். யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள். உள்ளூராட்சிப் பக்கம் வந்தால் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். நல்லூருக்குச் செயலகமும் உண்டு, சபையும் உண்டு. சோலைவரி கட்டுவது சபைக்கு. பிறப்பத்தாட்சிக்குப் போவது செயலகத்துக்கு. மாறிப் போய் அலைகிறவர்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க்கை ஸ்காபரோவில் இருந்து அழுத்துகிற ஒருவர் உங்கள் முகப்பைப் பார்க்கவே போவதில்லை, நேரே உள்பக்கத்தில்தான் இறங்குவார். கூகிளும் 2025 ஜனவரியில் இருந்து போன் தேடல் முடிவுகளில் இந்த வரியைக் காட்டுவதில்லை. எந்த அலுவலகத்தின் பக்கம் என்பதை வரியின் முதல் சொல்லே சொல்லட்டும்.

அடுத்தது, ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு தாய்ப்பக்கம், அதாவது அடுக்கில் அதற்கு நேர்மேலே இருக்கிற பக்கம். அடையாள அட்டைக்கும் பிறப்பத்தாட்சி வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கத்தை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துப் போடாதீர்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையபடியே கிடக்கும். அடையாள அட்டைப் பக்கத்தில் ஒரு லிங்க் போதும். அதை அழுத்தி வந்தவருக்கும் பிரெட்கிரம்ப் பக்கத்தின் சொந்த இடத்தைத்தான் காட்ட வேண்டும். வந்த வழியைக் காட்டுவது பிரவுசரின் பின் பொத்தானுடைய வேலை.

[திரை: போன் திரை. வரி மூன்றாக மடிந்து கிடக்கிறது.]

இப்போது தமிழுக்கே உரிய தலையிடி. எங்கள் சொற்கள் நீளம். போனில் வரி மடிந்து திரையின் கால்வாசியைப் பிடித்துவிடும். சரி, வெட்டுவோம் என்று புரோகிராமர் வெட்டுவார். ‘சான்றிதழ்’ என்ற சொல்லை எடுங்கள். கணினிக்கு ‘ன்’ என்பது இரண்டு குறி: ன, அப்புறம் புள்ளி. இரண்டுக்கும் நடுவில் வெட்டினால் ‘சான…’ என்று நிற்கும். கணினி எழுத்தைச் சேமிக்கிற சிறு அலகான பைட் கணக்கில் வெட்டினால் இன்னும் மோசம். இணையப் பக்கங்கள் எழுத்தைச் சேமிக்கிற முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். அதற்குள்ளேயே கத்தி விழுந்தால் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம்தான் மிஞ்சும். சொல்லை வெட்டாமல் படியை மறையுங்கள். பிரித்தானிய அரசு தன் தளங்களுக்கு வைத்திருக்கிற பொது வடிவமைப்புத் தொகுப்பான டிசைன் சிஸ்டத்தில், சிறிய திரையில் முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் பார்த்துச் செய்யலாம்.

வரி எங்கிருந்து உருவாகிறது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். தளத்தைக் கட்டுகிற மென்பொருளைப் பொறுத்து அது மாறும். ஜூம்லா மெனுவைப் பார்க்கும். மெனுவில் இடம் கொடுக்காத பக்கத்துக்கு வரி குழம்பும். ட்ரூபால் பக்க முகவரியின் பாதையைப் பார்க்கும். வேர்ட்பிரஸில் தாய்ப்பக்கம் எது என்று நீங்கள்தான் குறிக்க வேண்டும். நிற்கிற பக்கத்தின் பெயருக்கு லிங்க் வேண்டாம். இடையில் வரும் அம்புக்குறியை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற சிஎஸ்எஸ்ஸில் போட்டு, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்கிற திரைவாசிப்பான் வாசிக்காதபடி மறையுங்கள். இல்லாவிட்டால் பார்வையற்ற ஒருவருக்கு அது ஒவ்வொரு தடவையும் அந்தக் குறியையும் சேர்த்தே வாசித்துக் கொண்டிருக்கும்.

பிடிஎஃப் படிவத்துக்குள் பிரெட்கிரம்ப் கிடையாது. அதைத் தனியே பகிர விடாமல், கட்டணமும் தேவையான ஆவணங்களும் எழுதிய பக்கத்துக்குள் வையுங்கள்.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அடுக்கு ஒன்றாகவே இருக்கட்டும். மொழியை மாற்றினால் அதே பக்கத்திலேயே நிற்க வேண்டும். மாற்றியதும் முகப்புக்குத் தூக்கி எறிகிற தளங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

[திரை: இரண்டு நிரல்களில் பழைய முகவரி, புதிய முகவரி.]

கடைசி வேலை. அடுக்கை மாற்றினால் முகவரிகளும் மாறும், ஆனால் பழைய லிங்க்குகள் வட்ஸ்அப்பிலும் வைபரிலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 301 வழிமாற்று, அதாவது பழைய முகவரியை அழுத்தினாலும் புதியதுக்கே கொண்டுபோகிற நிரந்தர வழிமாற்று, கொடுங்கள், அதுவும் முகப்புக்கு இல்லாமல் அந்தந்தப் புதிய பக்கத்துக்கே. பழைய முகவரிகளின் பட்டியலை வேலை தொடங்கும் முன்னரே எக்செல்லில் எடுத்து வையுங்கள். பழைய தளத்தை மூடிய பிறகு தேடினால் கிடைக்காது.